புளூகிராஸ் பாட்டுகளில் சாவும் சோகமும்: நேரில் கேட்டவர்கள் எழுதுங்கள்

ராலேயிலிருந்து

வணக்கம் நண்பர்களே. வட கரோலைனாவில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமும் பிடிலும் சேர்ந்த அமெரிக்க மலைநாட்டு இசையான புளூகிராஸ், நம் வாசல் வரைக்கும் வந்து போகிற இசை. 2013 முதல் 2024 வரை அதற்கான பெரிய விழா ராலே நகரத் தெருக்களிலேயே நடந்தது. ஆனாலும் பாஞ்சோ சத்தம் கேட்டாலே "ஜாலியான பாட்டு" என்று நம்மவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். வார்த்தைகளைக் கவனிப்பவர்கள் குறைவு.

அந்த விழாவில் ஒரு சாயங்காலம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஐந்து பேர் ஒரே ஒரு மைக்கைச் சுற்றி நின்றார்கள். பாடுகிறவர் முன்னால் வருவார். அடி முடிந்ததும் பக்கவாட்டில் விலகுவார். அந்த இடைவெளியில் பாஞ்சோக்காரர் நுழைவார், அவர் நகர்வதற்குள் பிடில்காரர் தயாராக இருப்பார். யாரும் யார் மேலும் இடித்துக்கொள்ளவில்லை. கூட்டம் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பாட்டு என்னவென்றால், தன்னைக் கட்டிக்கொள்ள மறுத்த பெண்ணை ஒருவன் ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய்க் கொன்றுவிட்டு, அதை அவனே சொல்கிறான். பாடியவர் முகத்தில் ஒரு சலனம் இல்லை. குரலும் தழுதழுக்கவில்லை. எனக்குத்தான் அதற்கப்புறம் தாளம் போட முடியவில்லை.

துக்கத்தை இவர்கள் நடித்துக் காட்டுவதில்லை என்பதுதான் எனக்குப் பிடிபட்ட விஷயம். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு, கலங்குகிற வேலையை நம்மிடம் விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கும் இப்படி ஏதாவது வாய்த்திருந்தால் எழுதுங்கள்.

கிரீன்ஸ்பரோவிலிருந்து

அண்ணா, எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ராண்டில்மன் ஊர். டீப் ரிவர் ஆறு அந்த வழியாகத்தான் ஓடுகிறது. 1808-இல் நயோமி வைஸ் என்ற பெண்ணை அதில் மூழ்கடித்துக் கொன்றான் ஜானதன் லூயிஸ் என்பது ஊர் சொல்லும் கதை. பெற்றவர்கள் இல்லாமல், ஆடம்ஸ் என்ற குடும்பத்தில் வேலை செய்து வளர்ந்த பெண். கல்யாணம் செய்துகொள்கிறேன், ஊற்றடிக்கு வா என்று கூப்பிட்டான், நம்பிப் போனாள். அவள் பேர் பாட்டில் "ஓமி வைஸ்" என்று ஆனது. 1920களிலேயே ரெக்கார்டில் வந்துவிட்டது. டீப் கேப் ஊர்க்காரரான பாடகர் டாக் வாட்சன் 1964-இல் வந்த தன் ஆல்பத்தில் பாடியிருக்கிறார். (அவரைப் புளூகிராஸ் கணக்கில் சேர்க்கலாமா என்று விவாதிப்பவர்கள் உண்டு. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை.)

லூயிஸ் பிடிபட்டான், சிறையிலிருந்து தப்பினான், பிறகு மறுபடியும் பிடித்து வந்தார்கள். கொலைக் குற்றம் மட்டும் அவன் மேல் நிற்கவில்லை. நீதிமன்றத்தில் கிடைக்காத தீர்ப்பைப் பாட்டு இருநூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர்ச் சந்தையிலும் ரயிலிலும் கொலைச்சிந்து பாடி, காலணாப் புத்தகமாக விற்ற மாதிரிதான் இங்கேயும் இந்தக் கதைகள் பரவின. 'பிரெட்டி பாலி', 'நாக்ஸ்வில் கேர்ள்' மாதிரியான பாட்டுகளுக்கு மூலம் இங்கிலாந்தில் அச்சடித்து விற்ற ஒற்றைத்தாள் பாட்டுகள். கப்பலேறி வந்து, ஊர்ப் பேரை மாற்றிக்கொண்டு, அப்பலாச்சிய மலையில் குடியேறிவிட்டன.

நயோமியின் கல்லறை குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையின் இடுகாட்டில் இருக்கிறது. நானும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். மனைவி அங்கேயே கேட்டாள்: "இத்தனை பாட்டிலும் செத்துப்போறது பொண்ணுதானே? ஒரு பாட்டிலாவது அவ வாயைத் திறந்து பேசறாளா?"

பால்டிமோரிலிருந்து

உங்கள் வீட்டம்மா கேட்டது சரியான கேள்வி தம்பி. 1866-இல் வில்க்ஸ் கவுன்டி பக்கம் கொலையானவள் லாரா ஃபாஸ்டர். ஆனால் 1958-இல் உலகம் பூராவும் ஒலித்த 'டாம் டூலி' பாட்டுக்குப் பேர், அவளைக் கொன்றதாக 1868 மே 1 அன்று ஸ்டேட்ஸ்வில்லில் தூக்கில் போடப்பட்டவனுடைய பேர். அவள் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு இதில் கோபமே உண்டு.

அதனால்தான் பாடகி ஹேசல் டிக்கன்ஸைப் பற்றி எழுத வந்தேன். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிப் பகுதியில், பதினொரு பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். பிழைப்புக்காக எங்கள் பால்டிமோருக்கு வந்து தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார். 1965-இல் ஆலிஸ் ஜெரார்டோடு சேர்ந்து ஆல்பம் போட்டார். பெண்கள் முன்னின்று பாடிய முதல் புளூகிராஸ் பதிவுகளில் அது ஒன்று. கரித்தூள் நுரையீரல் நோயில் போன தன் அண்ணன் தர்மனை (Thurman) நினைத்து 'பிளாக் லங்' பாட்டை எழுதினார். 2011-இல் காலமானார்.

நான் முன்பு மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மருத்துவமனையில் சுவாச சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். அங்கே அதே நோயோடு ஒரு முதியவர் வருவார். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருக்கும். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாது, நடுவில் நிறுத்தி, தோளைத் தூக்கி இழுத்துத்தான் அடுத்த வார்த்தை வரும். நெபுலைசர் ஓடுகிற நேரத்தில் அவருடைய மகள் போனில் அந்தப் பாட்டைப் போட்டார். பக்கவாத்தியம் இல்லாமல் ஹேசலின் குரல் மட்டும். அழகான குரல் என்று சொல்ல முடியாது. முனை மழுங்காத, கிழிக்கிற குரல். பெரியவர் மாஸ்க்குக்குள்ளேயே உதட்டை அசைத்துக்கொண்டு கூடவே வந்தார். பாட்டு முடிந்ததும், "அந்தம்மா ஒண்ணும் ஜோடிக்கல, நடந்ததைத்தான் சொல்லுது" என்றார். அதைச் சொல்ல அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது.

1968 நவம்பர் 20 அன்று மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டனில் சுரங்கம் வெடித்து 78 பேர் இறந்தார்கள். அவர்களில் 19 பேரின் உடல் கிடைக்கவே இல்லை. ஹேசல் அதையும் பாடினார். அந்த விபத்துக்கு அடுத்த வருஷம்தான் நாட்டில் கடுமையான சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கரித்தூள் நோய்க்கு நஷ்டஈடு கிடைக்க வழி செய்ததும் அதே சட்டம்தான். ஹேசலின் பாட்டில் துக்கம் மட்டும் இல்லை, யார் பொறுப்பு என்ற கேள்வியும் இருக்கிறது. ஆற்றங்கரைக் கொலைப் பாட்டுகளில் எனக்கு இல்லாமல் போவது இதுதான்.

சென்னையிலிருந்து

ஒரு சந்தேகம். யூடியூபில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சோகமான விஷயத்தை ஏன் இவ்வளவு வேகமாகப் பாடுகிறார்கள்? சோகம் என்றால் நிதானமாக இழுத்துத்தானே பாட வேண்டும்?

ரோனோக்கிலிருந்து

நான் இங்கே ஒரு வாத்தியாரிடம் பிடில் கற்றுக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கதைப் பாட்டுகளை அந்தக் காலத்தில் வீட்டில் பக்கவாத்தியம் இல்லாமல்தான் அதிகம் பாடினார்கள். பிடில் மெட்டுகள் ஆட்டத்துக்கு வாசித்தவை. புளூகிராஸின் தந்தை என்று சொல்லப்படும் பில் மன்றோவின் குழுவில் இரண்டும் ஒன்று சேர்ந்தன. ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரலால் உருட்டி வாசிக்கும் பாஞ்சோவோடு 1946-இல் அவர்கள் செய்த பதிவுகளைத்தான் புளூகிராஸின் அடித்தளம் என்பார்கள். பாஞ்சோவில் ஒரு ஸ்வரத்தைத் தட்டினால் சட்டென்று அடங்கிவிடும், வீணை மாதிரி நிற்காது. அதனால் இடைவெளி விடாமல் அடுத்தடுத்து நிரப்பிக்கொண்டே போக வேண்டும். அதற்கு மேல், இயல்பான சுருதிக்கும் உச்சத்தில் டெனர் குரல் ஒன்று ஏறி நிற்கும். கீழே ஓட்டம், மேலே ஓலம். வேகம் துக்கத்தைக் குறைப்பதில்லை. நின்று அழ அவகாசம் கொடுக்காமல் இழுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

மெதுவான பாட்டும் உண்டு. பாஞ்சோ வாசித்துப் பாடிய ரால்ஃப் ஸ்டான்லியைக் கேளுங்கள். அவருடைய பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் கிறிஸ்தவ சபையில் வாத்தியமே கிடையாது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, சபை இழுத்துப் பாடும். 2000-இல் வந்த ஒரு சினிமாவுக்காக, சாவிடம் ஒரு வருஷம் தவணை கேட்டு மன்றாடும் 'ஓ டெத்' பாட்டை அந்த முறையிலேயே, பாஞ்சோவைத் தொடாமல் பாடினார். அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. 2002-இல் அதற்குக் கிராமி இசை விருது கிடைத்தது. அவரோடு சேர்ந்து பாடிய அண்ணன் கார்ட்டர் 1966-லேயே, 41 வயதில் போய்விட்டார்.

வர்ஜீனியாவில் ஸ்மித் ரிட்ஜ் என்ற மலைமுகட்டில் அவர்கள் குடும்ப இடத்தில் நடந்த விழாவுக்கு நான் போயிருக்கிறேன். ஜனங்கள் மடக்கு நாற்காலி போட்டு, புல்தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். கார்ட்டரைப் புதைத்ததும் அதே மலைமுகட்டில்தான். பெற்றோர் இறந்துபோய் வீடு வெறிச்சோடிய பாட்டை ரால்ஃப் அங்கே நின்று பாடினார். கார்ட்டர் எழுதிய பாட்டு. முன்பு ரால்ஃபின் பக்கத்தில் நின்று கார்ட்டர் பாடிய கட்டையான குரலை வேறொருவர் பாடினார். என் முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி பாட்டு முழுக்க கல்லறை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ரால்ஃப் 2016-இல் காலமானார். அவரும் இப்போது அதே இடுகாட்டில்.

சார்லட்டிலிருந்து

என் மகள் பள்ளி முடிந்ததும் நடக்கிற மலைநாட்டு இசை வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். வயது பத்து. போன மாதம் வீட்டுக்கு வந்து ஓமி வைஸ் பாடினாள். முதலில் எனக்கு அடிவயிறு கலங்கியது. இதையெல்லாமா குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது? வகுப்பு அம்மாவிடம் கேட்டேன். "எங்க பாட்டி எனக்கு இதை ஆறு வயசுல பாடினாங்க. இனிப்பாப் பேசறவன் கூடத் தனியாப் போகாதேன்னு சொல்லத்தான்" என்றார். பாடட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் பாடும்போதெல்லாம் கூட உட்கார்ந்து பேசுகிறேன். கிரீன்ஸ்பரோ வீட்டம்மா கேட்ட கேள்வியையும் அவளிடம் கேட்டிருக்கிறேன். நயோமி பேசுவது மாதிரி ஒரு அடி எழுதப்போகிறாளாம்.

லூயிவில்லிலிருந்து

மன்றோவைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்கிறேன். கென்டக்கி ரோசீனில் 1911-இல் பிறந்தவர், எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. பத்து வயதில் அம்மா போனார், பதினாறில் அப்பா. தாய்மாமன் பென் வான்டிவர் பிடில் வாசிப்பவர், அவரோடுதான் கொஞ்ச காலம் இருந்தார். அந்த மாமனைப் பற்றிய பாட்டு எவ்வளவு துள்ளலாக இருக்கும் தெரியுமா! பெற்றோர் கல்லறையில் பொறித்ததை வாசித்துக் காட்டும் பாட்டில்தான் அந்தப் பையனின் தனிமை நேராகத் தெரியும். இன்று ரோசீன் இடுகாட்டில் அவரும் இருக்கிறார்.

அங்கே ஒரு பழைய கொட்டகையில் வெள்ளிக்கிழமை இரவுகளில் உள்ளூர்க்காரர்கள் கூடி வாசிப்பார்கள். நானும் மகனும் வசந்தத்தில் போவதாக இருக்கிறோம். காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. சார்லட் குழந்தை வருவதாக இருந்தால் முன்னாலேயே சொல்லுங்கள், அந்த அடியை எழுதிக்கொண்டு வரட்டும்.