ப்ராசஸர் மாற்றியபின் வீட்டுச் சேமிப்பு சர்வர் வலையமைப்பில் தெரியவில்லை, அவசர உதவி தேவை

தாமிரக்கம்பி:
அனைவருக்கும் வணக்கம். வீட்டிலுள்ள சேமிப்பு சர்வரின் ப்ராசஸரை நேற்று மாற்றினேன். அதன்பிறகு எந்தக் கணினியிலிருந்தும் பகிர்வுக் கோப்புறைகளைத் திறக்க முடியவில்லை. மின்விசிறி சுழல்கிறது, விளக்குகள் எரிகின்றன, வன்தட்டுகளின் ஓசையும் கேட்கிறது. குடும்பப் படங்கள் அனைத்தும் அதில்தான் உள்ளன. புதிய ப்ராசஸரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். விரைந்து வழி சொல்லுங்கள்.

மணிமின்னணு:
உதவத்தான் விரும்புகிறோம், ஆனால் தாங்கள் எழுதியதில் எங்களுக்குப் பிடிமானமாக ஒன்றும் இல்லை. பழைய ப்ராசஸர் எது, புதியது எது? மதர்போர்டின் சிப்செட், இயங்குதளம் ஆகியவை என்ன? போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தீர்களா? மானிட்டரை இணைத்துப் பார்த்தீர்களா? கணினி வலையமைப்பில் இருக்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளைக்கே பதில் வரவில்லையா, அல்லது பிங் வந்தும் சம்பா என்ற மென்பொருள் வழங்கும் கோப்புப் பகிர்வு மட்டும் திறக்கவில்லையா? இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

ஓம்விதி:
கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் பாருங்கள். வன்தட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் தடத்தின் மீது விழும் சுமை, பழைய எஸ்எம்பிஎஸ்ஸால் தாங்கக்கூடியதன்று. ப்ராசஸர் மாறியதும் அந்தச் சமநிலை குலைந்திருக்கும்.

தாமிரக்கம்பி:
ரைசன் 5 2600 இருந்தது, இப்போது 5600ஜி. பி450 சிப்செட், டெபியன் 12 லினக்ஸ், வன்தட்டுகளுக்கு இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை. பயாஸை முன்கூட்டியே புதுப்பித்துவிட்டேன். பிங்குக்குப் பதில் இல்லை. அலமாரிக்குள் இருக்கும் கணினி என்பதால் அதற்கென்று மானிட்டர் கிடையாது.

பழையரேக்:
தம்பி, சாதாரண மேசைக்கணினிப் போர்டை அலமாரிக்குள் வைத்துவிட்டால் அது சர்வர் ஆகிவிடாது. உண்மையான சர்வர் போர்டாக இருந்தால் ஐபிஎம்ஐ வழியாகத் தொலைவிலிருந்தே திரையைப் பார்த்திருக்கலாம், இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அது கிடக்கட்டும், பிழையைத் தானே திருத்தும் ஈசிசி நினைவகம்தானே போட்டிருக்கிறீர்கள்?

மணிமின்னணு:
ஓம்விதி அவர்களே, 2600, 5600ஜி இரண்டுக்கும் குறிக்கப்பட்ட வெப்ப அளவு 65 வாட்தான். சுமை கூடியிருக்க வழியில்லை.

தாமிரக்கம்பி, ஒரு மானிட்டரைக் கடன் வாங்கியாவது இணையுங்கள். விண்டோஸ் 11 வந்த 2021-க்குப் பிறகு வெளியான பல பயாஸ்களில், மறையாக்கச் சாவிகளைக் காக்கும் எஃப்டிபிஎம் (ப்ராசஸருக்குள்ளேயே இயங்கும் டிபிஎம்) தானாகவே இயங்கு நிலையில் இருக்கும். அந்நிலையில் புதிய ப்ராசஸரைக் கண்டதும், எஃப்டிபிஎம் பதிவுகளை அழிக்கவா வேண்டாமா என்று கேட்டு, ஒய் (Y) அல்லது என் (N) விசை அழுத்தப்படும்வரை சில போர்டுகள் அப்படியே நின்றுவிடும். விசைப்பலகையே இல்லாத கணினி விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பழைய பதிவைக் காக்க என் (N) விசையை அழுத்துங்கள். வட்டு மறையாக்கத்தின் சாவியை டிபிஎம்மில் வைத்திருந்தால் ஒய் பக்கமே போகாதீர்கள்.

தாமிரக்கம்பி:
தொலைக்காட்சியை இணைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே கேள்விதான் திரையில் நின்றது. என் (N) விசையை அழுத்தியதும் டெபியன் ஏறி, உள்நுழைவுத் திரையும் வந்துவிட்டது. இசட்பூல் ஸ்டேட்டஸ் கட்டளையில் ஆறு வன்தட்டுகளும் ஆன்லைன் என்றே காட்டுகின்றன. மிக்க நன்றி ஐயா. ஆனால் பிங் மட்டும் இன்னும் வரவில்லை.

ஓம்விதி:
மதர்போர்டின் லேன் சிப் பழுதாகியிருக்கலாம். மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது முதலில் பலியாவது அதுதான். அதனால்தான் எஸ்எம்பிஎஸ் என்று சொன்னேன்.

குறிஞ்சிலினக்ஸ்:
லேன் சிப்பைக் கைவிடுவதற்கு முன் ஒரு கேள்வி. 2600-இல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. ஆகவே முன்பு ஒரு தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்திருக்க வேண்டும். அது இப்போது எங்கே?

தாமிரக்கம்பி:
ஜிடி 710. அதைக் கழற்றிவிடத்தானே 5600ஜி வாங்கினேன். காலியான முதல் ஸ்லாட்டில் வன்தட்டுகளை இணைக்கும் எல்எஸ்ஐ 9211-8ஐ கார்டை மாற்றிப் பொருத்தினேன். அதற்கும் பிங்குக்கும் என்ன தொடர்பு?

குறிஞ்சிலினக்ஸ்:
தொடர்பு அங்கேதான் இருக்கிறது. 2013-இல், லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 197-ஆம் பதிப்பு கொண்டுவந்த பெயரிடும் முறையில், லேன் இடைமுகத்தின் பெயர் பெரும்பாலும் அது அமர்ந்திருக்கும் பிசிஐ (போர்டில் கார்டுகளையும் சிப்களையும் இணைக்கும் தடம்) முகவரியிலிருந்து உருவாகிறது. ஈஎன்பி4எஸ்0 என்றால் நான்காம் பஸ், பூச்சிய ஸ்லாட் என்று பொருள். சிப்செட் வழியாக வரும் கீழ் ஸ்லாட்டில் இருந்த எல்எஸ்ஐ கார்டை, ப்ராசஸரோடு நேரடியாக இணைந்த முதல் ஸ்லாட்டுக்கு நீங்கள் கொண்டுவந்ததும், பஸ் எண்களை வழங்கும் வரிசையில் அது முன்னால் போய் நின்று, அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் ஓர் எண் தள்ளிப் போயிருக்கும். லேன் சிப் அதே சிப், அதற்கென்றே உள்ள அடையாள எண்ணான மேக் முகவரியும் அதே முகவரி, பெயர் மட்டும் வேறு. உள்ளமைவுக் கோப்போ பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கிறது; புதிய பெயரை எழுப்பச் சொல்லி யாரும் கட்டளையிடாததால், ரௌட்டரிடம் ஐபி கேட்கும் கட்டம்கூட வரவில்லை. ஐபி லிங்க் கட்டளையை இயக்கி, அதில் வரும் பெயரை எட்ஸி நெட்வொர்க் (/etc/network) அடைவில் உள்ள இன்டர்ஃபேசஸ் கோப்புடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழையரேக்:
இசட்எஃப்எஸ் என்று சொன்னபோதே ஈசிசி பற்றிக் கேட்டேன், விடை வரவில்லை. இசட்எஃப்எஸ்ஸை ஈசிசி இல்லாமல் இயக்குவது தற்கொலைக்குச் சமம். நினைவகத்தில் ஒரு பிட் பழுதானால் போதும், வட்டிலுள்ள தரவு முழுவதையும் சரிபார்க்கும் அடுத்த ஸ்க்ரப் ஓடும்போது நல்ல தரவு முழுவதையும் அது திருத்தித் திருத்தியே அழித்துவிடும்.

குறிஞ்சிலினக்ஸ்:
இந்தக் கதையை எத்தனை ஆண்டுகள்தான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்? ஸ்க்ரப் ஒரு பிளாக்கைத் திருத்தி எழுத வேண்டுமானால், மறுபிரதியிலிருந்தோ சமநிலைத் தரவிலிருந்தோ மீட்ட பிளாக், செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணுடன் பொருந்த வேண்டும். பழுதான நினைவகம் தவறான தரவை உருவாக்கி, அது தற்செயலாகச் சரியான செக்சம்முடனும் பொருந்திப்போவது நடக்காத காரியம். பொருந்தாவிட்டால் பிழை என்று பதிந்துவிட்டு நகர்ந்துவிடும். இசட்எஃப்எஸ்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான மாத்யூ ஆரன்ஸே, மற்ற கோப்பு முறைமைகளைவிட அதற்கு மட்டும் ஈசிசி கூடுதலாகத் தேவைப்படுவதில்லை என்று எழுதியிருக்கிறார்.

பழையரேக்:
தரவின் மீது அக்கறை உள்ளவர்கள் ஈசிசி பயன்படுத்த வேண்டும் என்றும் அதே மனிதர் எழுதியிருக்கிறார். பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையன்று. மேலும், செக்சம் கணக்கிடுவதற்கு முன்பே நினைவகத்தில் தரவு கெட்டுப்போனால், கெட்டதற்கே செக்சம் போட்டுக் காலத்துக்கும் பத்திரமாக வைத்திருக்கும்.

குறிஞ்சிலினக்ஸ்:
அதை நான் மறுக்கவில்லை. அது எந்தக் கோப்பு முறைமைக்கும் பொருந்தும். ஸ்க்ரப் தரவை அழிக்கும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

மணிமின்னணு:
இருவரும் பொறுத்தருள வேண்டும். கேட்டவருக்கு உண்மையிலேயே தேவைப்படும் செய்தி ஒன்று இதில் இருக்கிறது. 2600 ஈசிசியைக் கையாளும், போர்டு இடம் கொடுத்தால். 5600ஜி கையாளாது, அந்த வரிசையில் ப்ரோ என்ற பெயருடன் வரும் 5650ஜி, 5750ஜி போன்றவற்றுக்கே அந்த வசதி உண்டு. ஈசிசி தகடுகளைப் பொருத்தியிருந்தாலும் கணினி எந்த எச்சரிக்கையும் தராமல் அவற்றைச் சாதாரண நினைவகமாக ஓட்டிக்கொண்டிருக்கும். டிஎம்ஐடிகோட் கட்டளையின் நினைவகப் பகுதியில், பிழை திருத்த வகை என்ற வரியில் நன் (None, எதுவும் இல்லை) என்று வருகிறதா என்று பாருங்கள்.

பழையரேக்:
இதைத்தான் முதல் பதிலிலேயே கேட்டேன்.

தாமிரக்கம்பி:
இன்டர்ஃபேசஸ் கோப்பில் ஈஎன்பி4எஸ்0, ஐபி லிங்கில் ஈஎன்பி5எஸ்0. பெயரை மாற்றியதும் பழைய ஐபியிலேயே வந்துவிட்டது. எல்லாப் பகிர்வுகளும் திறக்கின்றன. அனைவருக்கும் நன்றி.

குறிஞ்சிலினக்ஸ்:
மகிழ்ச்சி. நாளை ஓர் என்விஎம்இ வட்டைச் செருகினாலும் பஸ் எண்கள் மாறி இதே தொல்லை திரும்ப வரலாம். எட்ஸி சிஸ்டம்டி நெட்வொர்க் (/etc/systemd/network) அடைவில் ஒரு லிங்க் கோப்பு எழுதி, மேக் முகவரியைப் பொருத்தி, லேன்0 என்பது போல நீங்களே ஒரு பெயரைச் சூட்டிவிடுங்கள். ஈத்0 என்று வைக்க வேண்டாம், கெர்னல் தானாக வழங்கும் பெயரோடு மோதும். இன்டர்ஃபேசஸ் கோப்பிலும் அந்தப் பெயரையே எழுதிவிட்டு, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை இயக்கிய பிறகு மறுதொடக்கம் செய்யுங்கள்.

மணிமின்னணு:
ஈசிசி வரியில் என்ன வந்தது என்று சொல்லவில்லையே?

நெய்தல்வழி:
இதே சிக்கல் எனக்கும் இருக்கிறது, ஆனால் நான் மெய்நிகர் கணினிகளை இயக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் பயன்படுத்துகிறேன். இன்டர்ஃபேசஸ் கோப்பில் ஐபி எல்லாம் விஎம்பிஆர்0 என்ற மெய்நிகர் பிரிட்ஜின் கீழ்தான் இருக்கிறது. எதை மாற்றுவது?

குறிஞ்சிலினக்ஸ்:
விஎம்பிஆர்0 பெயரைத் தொடாதீர்கள். அதன் கீழுள்ள பிரிட்ஜ்-போர்ட்ஸ் வரியிலும், மேலே அந்த இடைமுகத்துக்கென உள்ள ஐஃபேஸ் வரியிலும் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். பிறகு ஐஎஃப்ரீலோட் கட்டளையை ஏ விருப்பத்துடன் (ifreload -a) இயக்கினால் போதும்.