குழந்தைகளோடு சென்னை அண்ணா நகர் டவர் பார்க்: போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

டவரும் ஏறும் பாதையும்:
மெட்ரோவில் வருகிறவர்கள் ‘அண்ணா நகர் டவர்’ ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொள்ளலாம். பார்க்கில் இருக்கும் கோபுரம் 1968 வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியது. 12 மாடி, 135 அடி. 2011இல் மேலே ஏற விடாமல் மூடிவிட்டு, 2023இல் மறுபடி திறந்தார்கள். உள்ளே சுற்றிச் சுற்றிப் போகும் சரிவுப் பாதை. ஏறும்போது குழந்தை பாதியிலேயே தூக்கச் சொல்லும், அவ்வளவுதான். கவனம் வேண்டியது இறங்கும்போது. சரிவு காலை இழுக்கும்; நடை தானாகவே ஓட்டமாகிவிடும். பெரியவர் ஓரடி முன்னால் நின்று கையைப் பிடித்து இறக்கினால் பயமில்லை.

சறுக்குமரம் பற்றி மட்டும்:
தயவுசெய்து யாரும் குழந்தையை மடியில் வைத்துச் சறுக்காதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சறுக்கில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிகிறதென்றால், பெரும்பாலும் இப்படி இறங்கும்போதுதான். குழந்தையின் ரப்பர் ஷூ பக்கத் தடுப்பில் பட்டு அப்படியே ஒட்டி நிற்கும். தனியாக வந்த குழந்தை என்றால் அங்கேயே நின்றுவிடும். மடியில் இருந்தால் பின்னால் 60, 70 கிலோ தள்ளிக்கொண்டு வருகிறது. பாதம் நிற்க, கால் முறுக்கிக்கொள்கிறது. தனியாக இறங்கத் தெரியாத குழந்தையைப் பெரிய சறுக்கில் ஏற்றவே வேண்டாம். சின்னச் சறுக்கில் பாதி உயரத்தில் உட்காரவைத்து, பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளுங்கள்.

சூடு இன்னொன்று. புறங்கையைச் சறுக்கின்மேல் ஐந்து விநாடி வையுங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் குழந்தையின் தொடை தாங்காது. ஸ்டீல்தான் சுடும், பிளாஸ்டிக் சுடாது என்பது தப்பு. நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் இரண்டும் கொதிக்கும். வெயில் தாழ்ந்தபிறகும் தொட்டுப் பார்த்துவிட்டே ஏற்றுங்கள்.

ஊஞ்சல்:
மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊஞ்சலின் மேல் கம்பி 8 அடி உயரம் என்றால், முன்னால் 16 அடி, பின்னால் 16 அடி ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. ஆடுகிற பிள்ளைக்கு மட்டுமில்லை, குறுக்கே ஓடுகிற தம்பி தங்கச்சிக்கும் அடிபடும். சங்கிலியை மாட்டியிருக்கும் கொக்கியைப் பாருங்கள். அதன் வாய் ஒரு நாணயம் நுழையும் அளவு திறந்திருந்தால் சங்கிலி கழன்று வரும், துணியும் மாட்டும். உடனே 1913க்குப் போன் செய்து மாநகராட்சியில் புகார் கொடுங்கள்.

ஊஞ்சலுக்கு அடியில் காலால் தேய்த்துத் தேய்த்து மணல் விலகிக் குழியாகியிருக்கும். மணல் 9 அங்குலமாவது வேண்டும். மழை பெய்து காய்ந்தபின் அதே மணல் கெட்டிப்பட்டுக் கல் மாதிரி ஆகிவிடும். குதிகாலை ஊன்றினால் புதைய வேண்டும், அதுதான் கணக்கு.

கழுத்தில் தாயத்துக் கயிறு, துப்பட்டா, முடிச்சுப் போட்ட நாடா எதுவும் வேண்டாம். சறுக்கின் மேல்படியில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு போல்ட் போதும், குழந்தை கீழே போகும், கயிறு மேலேயே மாட்டி நிற்கும். கொலுசையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.

ஏணி, தடுப்புக் கம்பி:
கம்பிகளுக்கு நடுவே மூன்றரை அங்குலத்துக்கு மேல், 9 அங்குலத்துக்குள் இடைவெளி இருந்தால் ஆபத்து. குழந்தை காலை முதலில் விடும், உடம்பும் போய்விடும், தலை மட்டும் போகாது. உங்கள் நான்கு விரலைச் சேர்த்து அளந்தால் ஏறக்குறைய மூன்று அங்குலம். அதைவிட எவ்வளவு அகலம் என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

ஞாயிறு மாலைக் கூட்டம்:
கேட்டிலேயே குழந்தையை முழு உருவமாக ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காணோம் என்று பதறும்போது என்ன கலர் சட்டை என்பது பெற்றவர்களுக்கே மறந்துபோகும். போன் நம்பரை பேனாவால் முன்கையில் எழுதிவிடுங்கள். ‘டவர்கிட்ட நில்லு’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். கோபுரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தெரியும். மேலே ஏறும் வாசலுக்குக் கூட்டிப்போய், ‘இந்தக் கதவுகிட்ட’ என்று தொட்டுக் காட்டிவிட்டு விளையாட விடுங்கள்.