ஐந்தாம் சீசன், நாலாம் பாகம்: அந்த ஒரு காட்சி போதுமா?

குளக்கட்டு (கிளிநொச்சி):
கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரைத் திரும்பப் பார்த்துக்கொண்டு வருகிறேன். 2015 மே 3இல் வந்த இந்த நாலாம் பாகத்தில் விசேஷமாக ஒன்றுமில்லை. ஜேமியும் அவனோடு வந்த கூலிவீரன் பிரொன்னும் டோர்ன் நாட்டுக் கடற்கரையில் போடுகிற சண்டை சப்பென்று போகிறது. மணலில் ஒருவனைக் கழுத்துவரை புதைத்துவிட்டு அந்த மூன்று பெண்களும் பேசுகிற வசனமும் ஒட்டவில்லை. ஆனால் அரியணைக்குப் போராடும் ஸ்டானிஸ் தன் மகள் ஷிரீனோடு பேசும் காட்சி ஒன்றே முழுப் பாகத்தையும் தூக்கிவிடுகிறது.

மல்லாவிப் பெடியன்:
ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணை. காட்சி நல்லதென்றால் காட்சிதான் நல்லது, பாகம் அல்ல. ஒன்பதாம் பாகத்தில் அதே பிள்ளையைத் தகப்பன் தீயில் கொடுக்கும்போது நாங்கள் துடிக்க வேண்டுமென்றுதான் இதை முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள்.

குளக்கட்டு:
தம்பி, பின்னால் வருவதை விடுங்கோ. தன்னை நினைத்து வெட்கப்படுகிறாரா என்று ஷிரீன் கேட்கிறாள். மனுசன் உடனே இல்லை என்று சொல்லவில்லை. டோர்ன் வியாபாரி கொண்டுவந்த மரப்பொம்மையைத் தானே தொட்டிலில் வைத்ததையும், பிள்ளை அதைக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டு சிரித்ததையும் சொல்கிறார். பொம்மையை எரிக்க முதலே அதிலிருந்து தோலைக் கல்லாக்கும் நோய் பிள்ளைக்குத் தொற்றிவிட்டது. கோட்டைக்குள் பரவ முதல் அந்த நோயாளிகள் ஒதுங்கி வாழும் வலேரியாவின் இடிபாடுகளுக்கு அனுப்பிவிடச் சொல்கிறார்கள். அவர் கேட்கவில்லை. உலகத்தின் இந்தப் பக்கம் இருந்த வைத்தியர் எல்லாரையும் கூப்பிடுகிறார். யுத்தத்தில் வன்னிக்கு மருந்துகூடத் தடையாக இருந்த காலத்தில் மலேரியாக் காய்ச்சலோடு பிள்ளையைச் சைக்கிளில் வைத்து, மருந்து தேடி உழக்கின எங்கள் தகப்பன்மாரும் இப்படித்தான் கதைப்பார்கள். எங்கே போனார்கள், யார் மருந்து தந்தார் என்பது மட்டும்தான் வரும்.

பூவரசு (முள்ளியவளை):
எனக்கு அவர் பேசி முடித்த பிறகுதான் காட்சியே. ஷிரீன் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறாள். அவருடைய கை உடனே எழவில்லை. கொஞ்சம் நின்று, பிறகுதான் அணைக்கிறார். ஸ்டானிஸாக நடித்த ஸ்டீபன் டிலேன் அந்தத் தயக்கத்தில் முழு மனுசனையும் காட்டிவிட்டார். தம்பி, அழவைப்பது மட்டும் நோக்கமென்றால் அந்தக் கை ஏன் தயங்க வேண்டும்?

மல்லாவிப் பெடியன்:
அக்கா, நடிப்பில் குறை சொல்லவில்லை. அதே பாகத்தின் கடைசியில் ராணி டெனேரிஸின் மெய்க்காவலர் பாரிஸ்டன் கிழவர் மீரீன் நகரச் சந்துக்குள் குத்துப்பட்டு விழுகிறார். முதல் சீசனிலிருந்து கூட வந்த மனுசன். அவருக்கு ஏன் இந்த அவசரம்? ஷிரீனுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியை அவருக்கும் கொடுத்திருந்தால் நானே நல்ல பாகம் என்பேன்.

குளக்கட்டு:
அது நியாயம். ஆனாலும் அதற்கு முதல், ராணியின் இறந்துபோன அண்ணன் ரேகார் ஊருக்குள் இறங்கிப் பாடின கதையைப் பாரிஸ்டன் அவளிடம் சொல்கிறாரே, அந்த இடத்தைத் திரும்பப் பாருங்கோ. சண்டையெல்லாம் திறமாக இருந்தும் ஒரு முகமும் மனதில் நிற்காத பாகங்கள் எத்தனை இருக்கின்றன? அவற்றை நல்லதென்று சொல்ல என்னால் முடியாது. ஒன்பதாம் பாகத்தை இந்த முறை தாண்டிப் போகப்போகிறேன்.

மல்லாவிப் பெடியன்:
தாண்டினால் ஸ்டானிஸின் கதை பாதியில் நின்றுவிடும் அண்ணை. அதையும் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கோ, அப்புறம் கதைப்போம்.