கலைச்சொல் வேண்டும்: வெயிட்டேஜ் போட்டு எடுக்கும் சராசரி

வியாசர்பாடி ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கான மேற்படிப்புக் கையேடு சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பார்க்கும் ஜி.பி.ஏ. (கிரேடுகளைப் புள்ளியாக்கி எடுக்கும் சராசரி) பக்கத்தில் ஒரு சொல்லுக்காகத் தவிக்கிறேன். அமெரிக்கப் பள்ளிகளில் பொதுவாக ஏ என்றால் 4, பி என்றால் 3. அதைப் பாடத்தின் கிரெடிட்டால், அதாவது அந்தப் பாடத்துக்கு எவ்வளவு கனம் என்று காட்டும் எண்ணால், பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுப்பது ஒரு முறை. 4 கிரெடிட் பாடத்தில் ஏ, 2 கிரெடிட் பாடத்தில் பி வாங்கியவளுக்கு 22-ஐ 6-ஆல் வகுத்தால் 3.67. வெறும் சராசரி 3.5 தான். முதல் வகைச் சராசரிக்குப் பெயர் என்ன? 'நிறையிட்ட சராசரி' என்று கரும்பலகையில் எழுதினேன். "நிறைய போட்ட சராசரியா மிஸ்?" என்றாள் முதல் பெஞ்சுப் பெண். அவள் மேல் தப்பில்லை.

மயிலாப்பூர் புலவர்:

அம்மா, முதலில் 'சராசரி'யைப் பாருங்கள். பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல் அது. நம்மிடம் 'நிரவு' இருக்கிறதே. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி நிரவுகிறோம், இந்தக் கணக்கும் அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆகவே 'நிரவல்'. குறள் 118 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்கிறது, ஆகவே 'சீர்தூக்கு நிரவல்'. நிரவு, நிரல், நிரை மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. அங்கிருந்து நிரல்நிறைப் பொருள்கோளுக்குப் போங்கள். குறள் 45-இல் அன்புக்குப் பண்பு, அறத்துக்குப் பயன் என்று வரிசைப்படி பொருத்துகிறோம். ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அதனதன் கிரெடிட்டோடு பொருத்துவதும் அதே முறைதான். 'நிரல்நிறை நிரவல்' என்றே சொல்லலாம்.

கிண்டி பொறியாளர்:

ஐயா, பொருத்தம் அழகாக இருக்கிறது. ஆனால் நிரல்நிறையில் 'நிறை' என்பது வரிசையாக நிறுத்துவது. தராசில் நிறுப்பது வேறு. இரண்டையும் கலந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

டீச்சர், நம் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் பெயர் தெரியாமலே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பொறியியல் கட்-ஆஃப் வேறென்ன? கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, ஆக 200. என் அக்கா மகள் கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88. காலண்டர் தாளின் பின்பக்கம் 92, 42, 44 என்று எழுதிக் கூட்டினாள்: 178. மூன்றையும் சமமாகப் பாவித்து 200-க்கு மாற்றினால் 176 தான் வரும். அந்த இரண்டு மதிப்பெண்ணுக்குள் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நிற்பார்கள். இதையே உதாரணமாகப் போடுங்கள். சொல், 'எடைச் சராசரி'.

வியாசர்பாடி ஆசிரியை:

உதாரணத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் சார். 'எடைச் சராசரி' என்றால் பி.டி. சார் எடுக்கும் உடல் எடைக் கணக்கு என்று நினைப்பார்கள். 'எடையிட்ட' என்று போட்டால் தப்பிக்கலாம்.

மயிலாப்பூர் புலவர்:

எடையை யார் 'இடுகிறார்கள்'? எடை போடுகிறோம், எடை பார்க்கிறோம்.

கிண்டி பொறியாளர்:

போடுவதும் இடுவதும் ஒன்றுதானே ஐயா. பொட்டு இடுகிறோம், வேலி இடுகிறோம்.

வளசரவாக்கத்திலிருந்து:

நான் யாழ்ப்பாணத்துக்காரன். எங்கட பக்கம் மதிப்பெண்ணைப் புள்ளி எண்டுதான் சொல்லுவம். ஜி.பி.ஏ.க்கு 'தரப்புள்ளிச் சராசரி' எண்டு போடுங்கோ, அது வாசிச்ச உடன விளங்கும். டீச்சர் கேட்கிற சொல் வேற, அதுக்கு என்னட்டை விடை இல்லை.

வியாசர்பாடி ஆசிரியை:

வெள்ளி இரவு வரை பார்த்ததில் 'எடையிட்ட சராசரி'க்கு ஐந்து பேர், 'நிரவ'லுக்கு இருவர். ஜி.பி.ஏ.க்குத் தரப்புள்ளிச் சராசரி. கிரெடிட் கிரெடிட்டாகவே இருக்கட்டும். முதல் தடவை வரும் இடத்தில் 'பாடத்துக்குப் பாடம் வெயிட்டேஜ் மாறும்' என்று சேர்த்திருக்கிறேன், வீட்டில் அம்மாக்கள் வாசிப்பார்கள். இன்னொரு வரியும் தடித்த எழுத்தில்: 600-க்கு வாங்கியதை நாமாகவே 4-க்கு மாற்றி எழுத வேண்டாம், பல பல்கலைக்கழகங்கள் மார்க் ஷீட்டில் உள்ளபடியே கேட்கின்றன.

மயிலாப்பூர் புலவர்:

பிள்ளைகளுக்காக இப்போது அச்சிடுங்கள் அம்மா. சராசரிக்கு நான் இசையவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'நிரவு' பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.