படகு அடுப்புக்குப் புதுக் கதவு வார்க்க வேண்டும், பவுண்டரி (வார்ப்புப் பட்டறை) அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பர்மிங்காம் பக்கம் கால்வாய்ப் படகில் குடியிருக்கிறேன். ஏழடி அகலம்கூட இல்லாத படகு; குளிர்காலத்துக்கு ஒரு சின்ன வார்ப்பிரும்பு அடுப்புதான். பழைய கேரவனிலிருந்து கழற்றியது. துருவைத் தேய்த்து எடுத்தாயிற்று, உடல் திடமாகவே இருக்கிறது. கதவுதான் தகராறு: மேல் கீலிலிருந்து குறுக்கே விரிசல், விளிம்பும் நெளிந்திருக்கிறது. கதவு இடுக்கை அடைக்கும் புதுக் கயிறு ஒட்டியும், இடுக்கில் வைத்த காகிதம் இழுத்தால் சுலபமாக உருவி வருகிறது. மூடிய படகுக்குள் இது விளையாட்டில்லை; கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கிறேன், ஆனாலும் இப்படியே எரிக்க மனம் வரவில்லை.

நிக்கல் ராடு வெல்டிங்கில் விரிசல் மூடிக்கொள்ளும், ஆனால் நெளிவு போகாது. அதனால் புதிதாக வார்ப்பதே சரி என்று படுகிறது.

கோவை பவுண்டரிகளில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். பழைய கதவையே பேட்டர்னாக (மணலில் அச்செடுக்கும் மாதிரியாக) வைத்தால், இரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும். 250 மி.மீ. கதவில் இரண்டரை மி.மீ. போய்விடும், சட்டத்தில் உட்காராது. விளிம்பில் பட்டி பூசிப் பெரிதாக்கலாமா, மரத்தில் புதிதாகவே செய்துவிடலாமா?

அப்புறம், தடிமன் 5 மி.மீ.தான். மெல்லிய இடம் சட்டென்று ஆறி, மிகக் கடினமான வெள்ளை இரும்பாகிவிட்டால் கீலுக்குத் துளை போடவே முடியாது. அதைத் தடுக்க, உருக்கும் இரும்பில் சிலிக்கான் கூட்டச் சொன்னால் போதுமா?

நாலைந்து உருப்படிக்கு மணல் அச்சு போட்டுத் தரும் சின்னப் பட்டறை தெரிந்தாலும் சொல்லுங்கள். பக்கத்துப் படகுக்காரரும் ஒன்று கேட்கிறார். அளவுகளும் படங்களும் கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.