கோஆ யுகுலேலேயில் விரிசல்: இன்றைக்கே ஒட்டுவதா, பொறுப்பதா?

கானல்வரி (ஸ்கார்பரோ, கனடா), ஜனவரி 14

கோஆ என்ற ஹவாய் மரத்தில் செய்த என் சொப்ரானோ யுகுலேலேயின் (கிட்டார் போன்ற சின்ன நாலு தந்தி வாத்தியம்) முகப்பலகையில் விரிசல் கண்டிருக்கிறது. முகப்பலகையில் தந்திகளைப் பிடித்து நிற்கும் கட்டையான பிரிட்ஜுக்குக் கீழே தொடங்கி, மர ரேகையோடு அடிவிளிம்பை நோக்கிப் போகிறது. நாலு சென்டிமீட்டர் இருக்கும். அண்ணா 2009-இல் ஹொனலுலு போனபோது எனக்காக வாங்கி வந்தது. அண்ணா இப்போது இல்லை. அவர் கழற்றி மாற்றிய பழைய தந்தி ஒன்று இன்னும் அதன் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கிறது.

கீழே விழவில்லை, எதிலும் இடிபடவும் இல்லை. வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்தேன். அதற்கு நேர் கீழேதான் ஹீட்டர் காற்று வரும் துவாரம். நேற்று இரவு சுருதி சேர்க்கும்போது, சாய்வாக விழுந்த வெளிச்சத்தில் கோடு தெரிந்தது. உடனே ஒட்ட வேண்டுமா? அப்படியே வாசிக்கலாமா?

மரத்தூள் (மிஸிசாகா), ஜனவரி 14

அக்கா, இன்றைக்கே ஒட்டிவிடுங்கள். தண்ணீர் போல ஓடும் மெல்லிய சூப்பர் குளூ ஒரு சொட்டு வைத்தால் விரிசல் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். பத்து நிமிட வேலை. என் கிட்டாருக்கு நான் அப்படித்தான் செய்தேன், ஆறு வருடமாக அசையவில்லை. நாள் கடத்தினால் கை எண்ணெயும் தூசியும் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது.

பலாக்கட்டை (தஞ்சாவூர்), ஜனவரி 15

தயவுசெய்து வேண்டாம் அம்மா. வீணை பழுதுபார்க்கும் வீட்டில் வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன்.

மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். உள்ளே ஒட்டியிருக்கும் குறுக்குச் சட்டம் அதைச் சுருங்க விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த இழுபறியில் பலகை ரேகையோடு பிளக்கிறது. உங்கள் ஊர் ஜனவரியில் வெளிக்காற்றில் இருக்கும் நீராவியே சொற்பம். அதை வீட்டுக்குள் 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் எங்கோ பாதாளத்துக்குப் போய்விடும். காய்ந்து வாய் பிளந்து நிற்கும் இந்த நேரத்தில் பசையை நிரப்பினால், ஜூலையில் மரம் ஈரம் குடித்து விரியும்போது அந்தப் பசை ஆப்பு மாதிரி நடுவில் நிற்கும். பக்கத்திலேயே இன்னொரு விரிசல் வரும்.

முதலில் இதைப் பாருங்கள். ஒலித்துளையின் விளிம்பில், மேலே இருக்கும் ரேகை பலகையின் கனத்திலும் தொடர்கிறதா? தொடர்ந்தால் அசல் பலகை, அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. அறை விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே ஒரு சின்ன எல்இடி விளக்கை விடுங்கள். விரிசல் வழியாக ஒளி வந்தால் மரமே பிளந்திருக்கிறது. வராவிட்டால் வார்னிஷ் மட்டும் வெடித்திருக்கலாம்.

கானல்வரி, ஜனவரி 15

பார்த்தேன் ஐயா. ரேகை தொடர்கிறது. ஒளி நூல் மாதிரி வந்தது, ஆனால் பிரிட்ஜை ஒட்டிய இரண்டு சென்டிமீட்டரில் மட்டும். கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினால், அதில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் கம்பிகளின் முனைகள் ரம்பப் பல்லாக உரசுகின்றன. ஈரமானி வாங்கி வைத்தேன்: 18 சதவீதம். மனம் கலங்கிவிட்டது.

வடலி (யாழ்ப்பாணம்), ஜனவரி 16

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். 1879-இல் ராவன்ஸ்கிராக் என்ற கப்பல் மதீராத் தீவிலிருந்து ஹொனலுலு வந்தது. அதில் வந்த மானுவெல் நூனெஸ் போன்ற தச்சர்கள்தான் தங்கள் ஊரின் சின்ன நாலு தந்தி வாத்தியத்தை உள்ளூர்க் கோஆ மரத்தில் செய்து யுகுலேலே ஆக்கினார்கள். நூறு வயது தாண்டிய பழைய யுகுலேலேக்கள் விரிசலோடு இன்றும் ஒலிக்கின்றன. நைலான் தந்தியின் இழுவை உருக்குத் தந்தியோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். தங்கச்சி, அண்ணாவின் கை பட்ட வார்னிஷை வேறொருவர் தேய்த்து மெருகேற்றி, கோடே தெரியாமல் ஆக்கித் தந்தால் அது அதே வாத்தியம்தானா? ஈரத்தைச் சரிசெய்து, அப்படியே வாசியுங்கோ.

மரத்தூள், ஜனவரி 16

18 சதவீதம் என்றால் முதலில் ஈரம் ஏற்றத்தான் வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வடலி சொல்வது ஆபத்து. ஈரம் ஏறியதும் விரிசல் மூடிக்கொள்ளும், ஆனால் ஒட்டிக்கொள்ளாது. சரியாகிவிட்டது என்று மறுபடி சுவரில் மாட்டினால் அடுத்த ஜனவரியில் அதே இடம் திறக்கும், இன்னும் நீளமாக. அதுவும் தந்தி இழுக்கும் இடத்திலேயே பிளந்திருக்கிறது.

பலாக்கட்டை, ஜனவரி 17

தம்பி சொன்னது சரி, இந்த இடத்து விரிசலை விட்டுவைக்கக் கூடாது. பசை விஷயத்தில்தான் நான் ஒத்துப்போக மாட்டேன். பழைய வீணைகளைப் பிரிக்கும்போது, வச்சிரப்பசை (விலங்குத் தோலைக் காய்ச்சிச் செய்யும் பசை) போட்ட இடம் வெந்நீர் ஒத்தடத்துக்கு விட்டுக்கொடுக்கும். சூப்பர் குளூ போட்ட இடத்தில் மரம் பிய்ந்துகொண்டு வரும். அதைக் கரைக்க அசிட்டோன் வேண்டும், அசிட்டோன் மெருகையும் அரித்துவிடும். நாளைக்கு இன்னொருவர் திறக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் இன்று ஒட்ட வேண்டும்.

வடலி ஐயா, வெளியே தேய்க்க வேண்டியதே இல்லை. உட்பக்கம் விரிசலுக்குக் குறுக்கே நகக்கண் அளவு மெல்லிய மரத்துண்டுகளை ஒட்டினால் போதும். சொப்ரானோ துளைக்குள் கை நுழையாது, காந்தம் வைத்து நிறுத்துவார்கள். கோடு வெளியே அப்படியே இருக்கும்.

அதுவரை தந்திகளைத் தளர்த்தி, பெட்டிக்குள் வையுங்கள். சோப்புப் பெட்டியில் துளை போட்டு, நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சை உள்ளே வையுங்கள். நீர் மரத்தில் சொட்டக் கூடாது. 45 முதல் 55 சதவீதம் வரட்டும், மெதுவாக.

வடலி, ஜனவரி 17

கோடு இருக்கும் என்றால் எனக்கு மறுப்பு இல்லை.

கானல்வரி, பிப்ரவரி 2

பதினாறு நாள் ஆயிற்று. பெட்டிக்குள் 48 சதவீதம். விளக்கு வைத்தால் ஒளி வரவில்லை, ஃப்ரெட் முனைகளும் உரசவில்லை. ஆனால் பிரிட்ஜின் பின்விளிம்பில் மெல்லிய காகிதத்தைச் செருகிப் பார்த்தேன், ஒரு மூலையில் நகம் அளவுக்கு உள்ளே போகிறது, அங்கே பிரிட்ஜ் பலகையை விட்டுத் தூக்கியிருக்கிறது போல. இதை நீங்கள் யாரும் கேட்கவில்லை, நானும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

வாத்தியம் செய்பவர் ஒருவரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். வச்சிரப்பசைதான், வெளிப்பக்கம் கை வைக்கக் கூடாது என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன்.

மரத்தூள், பிப்ரவரி 2

மூலை தூக்கியிருந்தால் நல்ல வேளை அக்கா, என் சொட்டு அங்கே போகவில்லை. பிரிட்ஜைக் கழற்றித்தான் ஒட்டுவார்களா என்று மறக்காமல் கேளுங்கள். சனிக்கிழமை குளிர் கடுமையாம், காரில் தனியே விட்டுவிட்டு இறங்காதீர்கள்.