தமிழ் ரிவ்யூ மட்டும் ஏற மாட்டேங்குது, வழி சொல்லுங்க

வணக்கம். வேலூர் லாங் பஜார் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். மாதச் சந்தா கட்டினால் பல ஆப்களைத் தரும் ஒரு தளத்தில் இருக்கிறேன். அதிலுள்ள ஒரு பிடிஎஃப் ஆப்புக்கு ரிவ்யூ போட முடியவில்லை. ஸ்டார் பதிவாகிறது, எழுத்து ஏறவில்லை. சப்மிட் அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் பெட்டி காலியாகிவிடுகிறது. எர்ரர் எதுவும் காட்டுவதில்லை.

மேக்புக் ஏர் எம்1, மேக்ஓஎஸ் சோனோமா. போன மாதம் தளத்தில் அப்டேட் வந்ததிலிருந்து இப்படி. அதற்கு முன் போட்ட தமிழ் ரிவ்யூ இன்னும் அப்படியே இருக்கிறது.

லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தேன், சஃபாரி, குரோம் இரண்டிலும் பார்த்தேன், கேஷ் அழித்தேன், பிராட்பேண்டை விட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்டிலும் போட்டேன். சப்போர்ட்டுக்கு எழுதினால் தானாக வரும் பதில்தான். ஆங்கிலத்தில் அதே நீளம் உடனே ஏறுகிறது. தமிழில் ஒரு வரி போகிறது, ஒரு பத்தி போகவில்லை. பெட்டியில் எழுத்து எண்ணும் கவுண்டரோ இன்னும் இடம் இருக்கிறது என்கிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8ல் ஒரு 'க' 3 பைட், 'கொ' 6 பைட். சர்வர் எழுத்துக் கணக்கில் இல்லாமல் பைட் கணக்கில் தடுக்கிறது என்பது என் சந்தேகம்.

கல்யாணப் பத்திரிகையில் கொம்பும் காலும் இடம் மாறாமல் பிடிஎஃப் வருவது எனக்கு இந்த ஆப்பில்தான். செய்தவர் சின்ன டெவலப்பர். குடியாத்தம், ஆம்பூரில் இதே தொழில் செய்பவர்கள் என் ரிவ்யூவைத் தமிழிலேயே படிக்க வேண்டும்.

இப்படி நீளமான தமிழ் ரிவ்யூவை சந்தா தளத்தில் ஏற்றியவர்கள் இருந்தால், எப்படி ஏற்றினீர்கள்?